எலும்பு கூடியது, பயம் கூடவே இருக்கிறது

விபத்தில் தொடை எலும்பு முறிந்து ராடு வைத்துக்கொண்டு வீடு திரும்பிய லாரி டிரைவர், குறித்த தேதியில் மறுபரிசோதனைக்கு வருகிறார். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறதா, முட்டி எவ்வளவு மடங்குகிறது, தையல் போட்ட இடம் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் "இனி வேலைக்குப் போகலாம்" என்று சீட்டில் எழுதிவிடுகிறார்கள். அவர் போவதில்லை. கேட்டால், "கால் இன்னும் வலிக்குதுங்க" என்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை, வலி உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்த வலியோடு சேர்ந்து வேறொன்றும் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைப் பற்றி அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லமாட்டார். இருபது வருஷம் வண்டி ஓட்டியவர் "பயமா இருக்கு" என்று எந்த வாயால் சொல்வார்?

இந்தக் கேள்வி சேலம், நாமக்கல் சமவெளிக்கு மற்ற ஊர்களைவிட நெருக்கமானது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். சங்ககிரியில் லாரியே தொழில். திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் வட இந்தியா வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. முட்டை வண்டியும் சமையல் எரிவாயு டேங்கரும் இங்கிருந்து நாலா திசைக்கும் ஓடுகின்றன. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுக்கொண்டு போகிறது; சேலத்திலிருந்து கொச்சி போகும் 544-ஆம் எண் சாலை சங்ககிரி வழியாகப் பிரிகிறது. வடக்கே தொப்பூர் கணவாய் இறக்கத்தைத் தெரியாத டிரைவர் இந்தப் பக்கம் கிடையாது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105, இறந்தவர்கள் 17,884 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம்முடையது. அந்த ஆண்டு நாடு முழுவதும் காயம்பட்டுப் பிழைத்தவர்கள் 4,43,366 பேர். செத்தவர் கணக்கை செய்தித்தாள் போடுகிறது. பிழைத்தவர் பிறகு எப்படி வாழ்ந்தார் என்பது எந்தத் தாளிலும் வருவதில்லை.

அதை முதலில் விடாப்பிடியாகத் தேடியவர்களில் இருவர், அமெரிக்காவின் ஆல்பனி நகரைச் சேர்ந்த எட்வர்ட் பிளான்சார்டும் எட்வர்ட் ஹிக்லிங்கும். இருவரும் மருத்துவ உளவியலாளர்கள். அதாவது மாத்திரை எழுதாமல், பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருகிறவர்கள். பிளான்சார்ட் தலைவலி ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர். வாகன விபத்துக்குப் பின் தீராத வலி என்று வந்தவர்களில் பலருக்கு, போர் முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் காணும் அதே குறிகள் இருந்ததை இருவரும் கவனித்தார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற நோய்ப்பெயர் ஏறியது. தமிழில் இதை மனவடு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நானும் அப்படியே எழுதுகிறேன். போரும் பெருவெள்ளமும் நிலநடுக்கமும்தான் இப்படிப்பட்ட வடுவை உண்டாக்கும் என்று நினைத்திருந்த காலத்தில், அன்றாடம் நடக்கும் சாலை விபத்து ஒன்றே போதும் என்று இவர்கள் காட்டினார்கள். ஒவ்வொருவரின் விபத்தையும் அவர் சொன்னபடியே விவரிக்கும் ஒலிப்பதிவு தயாரித்து, அதை அவருக்கே போட்டுக் காட்டி நாடித்துடிப்பை அளந்தார்கள். மனவடு உள்ளவர்களுக்குத் துடிப்பு எகிறியது, இல்லாதவர்களுக்கு அப்படி ஆகவில்லை. வாய் சொல்லாததை நாடி சொன்னது. 1997-இல் இந்த ஆராய்ச்சியையெல்லாம் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார்கள்.

எத்தனை பேருக்கு இது வருகிறது? இங்கிலாந்தில் ஆன்கே ஏலர்ஸ் என்ற உளவியலாளரும் ரிச்சர்ட் மேயூ, பிரிஜெட் பிரையன்ட் ஆகியோரும் ஆக்ஸ்ஃபோர்டில் விபத்துப் பிரிவுக்கு வந்த 967 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று மாதம் கழித்து 23 சதவீதம் பேருக்கு மனவடு இருந்தது. ஒரு வருஷம் கழித்தும் 16 சதவீதத்துக்கு மேல். அவர்களில் எல்லோரும் பெரிய காயம் பட்டவர்கள் அல்லர். ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் பிரையன்ட் தலைமையில், காயம்பட்டு மருத்துவமனையில் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2010-இல் வந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. 22 சதவீதம் பேருக்கு அது வாழ்க்கையில் அதற்கு முன் வந்தே இராத ஒன்று. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. மனவடு மட்டும் வரவில்லை. மனச்சோர்வும் ஓயாத கவலையும் அதைவிட அதிகமாக வந்தன. வெளியே போகவே அஞ்சும் பயமும் கிட்டத்தட்ட மனவடு அளவுக்கு இருந்தது. ஆகவே கெட்ட கனவு வருகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டால், பாதிப்பேரைத் தவற விட்டுவிடுவோம்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விபத்து நடக்கும் அந்தச் சில நொடிகளில் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது. அந்தக் கணத்தில் காதில் விழுந்ததும் மூக்கில் ஏறியதும் கண்ணில் பட்டதும் அபாயத்தோடு முடிச்சுப் போடப்படுகின்றன. சாதாரண நாளில் நடந்ததற்கு மூளை தேதி, இடம், முன்பின் எல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும். உயிர்ப்பயத்தில் பதிவானதோ பில் போடாமல் ஏற்றிய சரக்கு மாதிரி. எந்த ஊர், எந்தத் தேதி என்று அதன்மேல் எழுதியிருக்காது. அதனால்தான் ஆறு மாதம் கழித்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் போகும் லாரியின் ஏர் பிரேக் 'புஸ்' என்றதும் உடம்பு தூக்கிப் போடுகிறது. அது பழைய சங்கதி என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. டீசல் வாசம், எதிரே வரும் ஹெட்லைட், மழையில் நனைந்த தார் ரோட்டின் பளபளப்பு என்று எதுவும் அந்த நொடியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தலாம்.

விபத்து நடந்த முதல் சில வாரம் இப்படி இருப்பது நோய் அல்ல. கிட்டத்தட்ட எல்லோருக்கும் தூக்கம் கெடும், திடுக்கிடும், காட்சி கண்முன் வரும். பெரும்பாலோருக்குத் தானாக வடிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் மனவடு என்று பெயர் வைக்கிறார்கள். சிலருக்கு மட்டும் ஏன் வடிவதில்லை? ஏலர்ஸின் ஆய்வு இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. "எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது" என்று அந்தத் திடுக்கிடலைத் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்கிறவர்கள், "அன்னைக்கு அந்த டீக்கடையில் நிறுத்தியிருந்தா" என்று அதையே மென்றுகொண்டிருப்பவர்கள், நினைவு வரும்போதெல்லாம் அதை அமுக்கப் பார்ப்பவர்கள், உடல் காயமும் தீராமல் இழுத்துக்கொண்டே இருப்பவர்கள், இழப்பீட்டு வழக்கு முடியாமல் தவிப்பவர்கள். இவர்களுக்குத்தான் ஒரு வருஷம் கழித்தும் தீரவில்லை.

வழக்கு என்றதும் நம் ஊர் நிலைமை கண்முன் வருகிறது. மோட்டார் வாகன விபத்து வழக்கு வருஷக்கணக்கில் போகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த இரவை மறுபடி மறுபடி சொல்லவேண்டும். ஊனம் எத்தனை சதவீதம் என்று சான்றிதழ் வாங்கவேண்டும். நன்றாக நடந்து காட்டினால் தொகை குறையுமோ என்ற எண்ணம் நடக்கவிடாமல் செய்யும். இதைச் சொல்வதால் வழக்குப் போடுகிறவர்கள் நடிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நஷ்டஈடு அவர்கள் உரிமை. தீர்ப்பு தாமதமாவது ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது என்பதுதான் நான் சொல்லவருவது.

வலிக்கு வருவோம். டிரைவருக்கு முறிந்தது வலது தொடை என்று வையுங்கள். பிரேக் மிதிக்கும் கால். விபத்து நடந்த நொடியில் அவர் கடைசியாகச் செய்தது அந்தக் காலால் பிரேக்கை அழுத்தியதுதான். இப்போது முட்டியை மடக்கி அழுத்தும்போதெல்லாம் வலி வருகிறது; வலியோடு அந்த நொடியும் வருகிறது. பயந்ததும் தசை இறுகுகிறது, இறுகிய தசை இன்னும் வலிக்கிறது. அலிசன் ஹார்வியும் டிமத்தி ஷார்ப்பும் 2001-இல் எழுதிய கட்டுரையில் வலியும் மனவடுவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதை இப்படித்தான் விளக்கினார்கள். நெதர்லாந்தின் யோஹன் ஃப்ளேயன், ஸ்வீடனின் ஸ்டீவன் லின்டன் ஆகியோர் அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். வலித்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று நம்புகிறவர் அசைக்காமல் வைத்துக்கொள்வார். அசைக்காத தசை சூம்பும், மூட்டு இறுகும். பிறகு கொஞ்சம் அசைத்தாலும் கூடுதலாக வலிக்கும். "நான் சொன்னேன்ல, சரியாகலை" என்று நம்பிக்கை உறுதிப்படும். முதுகுவலிக்காரர்களிடம்தான் இதை அதிகம் சோதித்தார்கள் என்றாலும், கட்டுப் போட்ட காலை மாதக்கணக்கில் தலையணை மேலேயே வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

வீட்டார் செய்வதெல்லாம் அன்பால்தான். "இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமுங்க" என்கிறார் மனைவி. "இனி லைனுக்கே போகவேண்டாம், ரெண்டு மாடு வாங்கிக் கட்டலாம்" என்கிறார் மாமனார். "அதையே நெனைக்காதே, மறந்துடு" என்கிறார்கள் கூட்டாளிகள். தூக்கம் வரட்டும் என்று ஒரு குவார்ட்டரும் வாங்கித் தருகிறார்கள். ஒவ்வொன்றும் அந்த நாளுக்கு நிம்மதி தரும். ஆனால் பயந்த இடத்துக்கு ஒருமுறை போகாமல் இருந்துவிட்டால், போகாததால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் ஒரு படி கூடுகிறது. முதலில் லாரி, பிறகு பைக், அப்புறம் பஸ்ஸில் ஜன்னலோரம், கடைசியில் தெருமுனை டீக்கடைகூட எட்டாமல் போய்விடும். சாராயம் தூக்கம் தருவதுபோல் தந்து, நடுராத்திரியில் இன்னும் மோசமாக எழுப்பிவிடும்.

நம் பக்கம் இதற்குப் பழைய வழியும் உண்டு. விபத்து கண்டவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து, திருநீறு பூசி, கயிறு கட்டுவார்கள். பயந்த கோளாறு என்று ஊரே ஒப்புக்கொண்டு ஒருவருக்காகக் கூடுவது சிறிய ஆறுதல் அல்ல. பயம் கோழைத்தனம் இல்லை என்று அது சொல்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது ஒருநாள் சடங்கு. இங்கே தேவைப்படுவது வாரக்கணக்கில் செய்யும் பழக்கம்.

நல்லெண்ணத்தில் செய்து தப்பாய்ப் போன இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990-களில் பல நாடுகளில், விபத்து நடந்த உடனே பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவைப்பதுதான் மருந்து என்று நம்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் மேயூ குழுவினர் சாலை விபத்தில் காயம்பட்டவர்களிடமே அதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அந்த ஒருமணி நேரப் பேச்சு, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், தொடக்கத்தில் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தவர்களில் பேசவைக்கப்பட்டவர்கள் தேறாமலே இருந்தார்கள். எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்கள் தேறியிருந்தார்கள். துக்கம் விசாரிக்க வருகிற எல்லோரும் "எப்படி ஆச்சு, எந்தப் பக்கம் மோதினான்" என்று கேட்டுக் கேட்டு முதல் வாரத்திலேயே பத்து முறை சொல்லவைக்கும் நாம் இதைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது. அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

எது பலிக்கிறது? 1998-இல் ரிச்சர்ட் பிரையன்ட் குழுவினர் வெளியிட்ட சிறிய ஆய்வில் 24 பேர். எல்லோரும் விபத்தில் சிக்கி, முதல் மாதத்திலேயே கடுமையாகக் கலங்கியவர்கள். பாதிப்பேருக்கு ஆறுதல் பேச்சு. மீதிப்பேருக்கு ஐந்து அமர்வுகளில் பயிற்சி. பயம் என்ன செய்கிறது என்று விளக்கி, உடம்பைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்து, நினைவைப் பாதுகாப்பான இடத்தில் ஒழுங்காகச் சொல்லவைத்து, தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாக அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து ஆறுதல் பெற்ற பிரிவில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மனவடு. பயிற்சி பெற்றவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான். பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

அந்தப் படிகள் நம் டிரைவருக்கு எப்படி இருக்கும்? முதலில் அவரே ஒரு பட்டியல் எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை பயத்துக்கு மதிப்பெண் போடுவார். ஷெட்டுக்குப் போய் வண்டியைத் தொட்டுப் பார்ப்பது 20. கைப்பிடியைப் பிடித்து கேபினில் ஏறி, இன்ஜின் போடாமல் உட்காருவது 35. அதிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து விடுவது 50, இது பிசியோதெரபியும்தான். இன்ஜினைப் போட்டு ஏர் ஏறும்வரை இருப்பது 60. கூட்டாளி ஓட்ட, பக்கத்து சீட்டில் பகலில் ராசிபுரம் வரைக்கும் போவது 75. மருத்துவர் அனுமதித்த பிறகு காலி வண்டியைத் தானே ஓட்டுவது, பிறகு லோடு வண்டி, பிறகு இரவு. விபத்து நடந்த அந்த இடத்தைக் கடப்பது 100. ஒரே நாளில் நூறுக்குத் தாவக்கூடாது, இருபதிலேயே நின்றுவிடவும் கூடாது. ஏறுவதற்கு முன் "என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்" என்பதை எழுதிவைத்து, இறங்கியபின் நடந்ததா என்று பார்க்கவேண்டும். உளவியலாளர் மிஷேல் கிராஸ்க் வலியுறுத்துவது இதைத்தான். பழைய பயம் அழிவதில்லை. "ஏர் பிரேக் சத்தம் கேட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய பாடம் அதன்மேல் உட்கார்ந்து அதை அடக்குகிறது. பாடம் ஒன்று போதாது. பல நாள், பல இடம், பல நேரம் வேண்டும்.

தலைக்காயம் பட்டவர், நிறையக் குடிக்கிறவர், சாகலாம் என்று எண்ணம் வருகிறவர் இதைத் தானாக ஆரம்பிக்கக்கூடாது. மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர் துணை வேண்டும்.

விபத்தில் அடிபடாமலே வடுப்படுகிறவர்களும் உண்டு. தன் வண்டியில் ஒருவர் விழுந்து இறந்ததைப் பார்த்த டிரைவருக்கு உடம்பில் ஒரு கீறல் இருக்காது, மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் பெயரே ஏறாது. ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்து எழுந்த மனைவிக்கு அதன்பின் எந்த போன் அடித்தாலும் கை நடுங்கும். நெருங்கிய உறவினருக்கு நேர்ந்த விபத்தைக் கேட்டறிவதும் மனவடுவுக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்கக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. லாரித் தொழில் குடும்பங்களில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இத்தனை பேருக்கு யார் பயிற்சி தருவது? உளவியலாளர்கள் குறைவு என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உளவியலாளர் இல்லாமலும் நிறையச் செய்யலாம். இதே ரிச்சர்ட் பிரையன்ட் பங்கெடுத்து, உலக சுகாதார நிறுவனத்துக்காக உருவாக்கிய ஐந்து அமர்வுத் திட்டத்தை, பாகிஸ்தானின் பெஷாவரில் சாதாரணப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். போர்ச் சூழலில் வாழ்ந்த மக்களின் பதற்றமும் சோர்வும் அதனால் குறைந்ததை 2016-இல் வெளியிட்டார்கள். நம்மிடம் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருவில் நடமாடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். காலைப் பிடித்து மடக்கிவிடும் அதே நேரத்தில் "வண்டியை நெனைச்சா எப்படி இருக்கு?" என்று கேட்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பது என் துணிபு. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. எத்தனையோ உயிரைக் காத்த நல்ல திட்டம். காத்த உயிரை நாற்பத்தெட்டாவது நாளிலும் ஒருமுறை விசாரித்தால் அது முழுமையாகும்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்பு முறிவுப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்துக்குள்தான் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சீட்டு எழுத ஒரு நிமிஷம் ஆகும். அந்தச் சீட்டு எழுதப்பட வேண்டும்.

உங்கள் வீட்டில் விபத்துக்குப் பின் ஒரு மாதம் கடந்தவர் யாராவது இருந்தால், இன்றைக்கு இவற்றைக் கேளுங்கள்: அந்தக் காட்சி வேண்டாமலே கண்முன் வருகிறதா? ஏதாவது ஒரு சாலையை, வண்டியை, சத்தத்தைத் தவிர்க்கிறீர்களா? தூக்கம் எப்படி? வலித்தால் உள்ளே உடைகிறது என்று பயமா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், அடுத்த மறுபரிசோதனையில் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.